வருத்தம் பார்க்கப் போதல்

எங்கள் ஊரில் காய்ச்சலுக்கு நாள் எண்ணுவார்கள். மூன்றாம் நாள் வேர்த்து இறங்கினால் அது தடிமன் காய்ச்சல். கொத்தமல்லிக் குடிநீரோடு போய்விடும். ஐந்தாம் நாளும் கொதித்தால் பரியாரியார் நாடியை இரண்டு தரம் பிடித்துப் பார்ப்பார். இரண்டாம் கிழமைக்குள் நுழைந்துவிட்டால் நெருப்புக் காய்ச்சல் என்று வாய்விட்டே சொல்லிவிடுவார்கள். அதற்கு 21 நாள். அதைத் தாண்டினால் ஆள் பிழைத்தது என்பது ஆச்சியின் கணக்கு. ஆச்சிக்கு அவருடைய ஆச்சி சொன்ன கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1960களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. கிணற்றில் அள்ளுவது அதைத்தான். ஆனால் அந்தக் கல் மழைநீருக்கு மட்டும் வழிவிடுவதில்லை. குழிக் கக்கூசில் இறங்குவதும் அதே வெடிப்புகளால் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் செங்கமாரியும் ஒழுங்கை ஒழுங்கையாக வந்ததற்கு அதுதான் காரணம். எங்கள் நல்ல தண்ணீரும் எங்கள் நோயும் ஒரே கல்லுக்குள் இருந்தன.

அண்ணைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். மருந்துக்குப் போத்தல் நாங்களே கொண்டுபோக வேண்டும். மிக்சரை அதில் ஊற்றி, பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டித் தருவார்கள். அந்தத் துண்டின் ஓரம் பல்லுப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. காலை ஒரு பல்லு, மத்தியானம் ஒரு பல்லு, இரவு ஒரு பல்லு என்று மருந்து இறங்குவதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வேலை. கடைசிப் பல்லுக்குக் கீழே போத்தலின் அடி தெரியும். நெருப்புக் காய்ச்சலுக்கென்று குளோரம்பெனிக்கோல் 1948இலேயே வந்துவிட்டது. அண்ணைக்கும் அந்தக் குளிசை கொடுத்தார்கள்; காய்ச்சல் சில நாளிலேயே இறங்கியும்விட்டது. ஆச்சி விடவில்லை. 21 நாளுக்கும் கஞ்சித் தெளிவுதான், பார்லித் தண்ணிதான். குடல் புண்ணாறும்வரை கனத்த சாப்பாடு ஆகாது என்று அந்தக் கால டாக்குத்தர்மாரும் சொன்னதால் வீட்டில் சண்டை வரவில்லை.

ஆனால் எனக்கு இன்றைக்கும் மறக்காதது, வந்து போன ஆட்கள். பின்னேரமானால் படலை திறந்தபடியே இருக்கும். தோடம்பழம், இளநீர், ஹோர்லிக்ஸ் போத்தல், எதுவும் இல்லாதவர்கள் ஒரு பிடி முருங்கையிலை. பெரியம்மா வந்து குசினியைப் பொறுப்பெடுத்தார். பக்கத்து வளவு மாமி தன் பசுவின் பாலை எங்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டார். பெடியள் முறை வைத்துத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தார்கள். அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு யார் தண்ணி மாறினார்கள் என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியாது.

“எத்தினையாம் நாள், பிள்ளை?” என்று படலையிலேயே கேட்பார்கள்.

“பதினாலு, மாமி.”

“இன்னும் ஒரு கிழமை. யோசியாதேங்கோ. வைரவர் இருக்கிறார்.”

அந்த ஒரு கிழமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடினார். பிறகு ஒரு நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் அண்ணையை முழுகவார்த்தார்கள். பழைய பாயை எரித்தார்கள். கோயிலுக்குப் பொங்கினார்கள். வருத்தம் முடிந்தது. எல்லோருக்கும் முடிந்தது.

அந்த ஊர் ஒழுங்கு சும்மா வந்ததல்ல. பல தலைமுறைச் சாவுகளிலிருந்து வந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கே வந்து, வட்டுக்கோட்டையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறியபோது அவர் எதிர்கொண்டவை பெரும்பாலும் சில நாளில் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் நோய்கள்: பேதி, அம்மை, பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல், புரையோடிய புண். அவர் எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று நூல்களைத் தமிழில் அச்சிட்டார். அவசரமாக எது தேவையோ அதிலிருந்து தொடங்கியிருக்கிறார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று தொடங்கிய தர்மாஸ்பத்திரிதான் பிறகு எங்கள் பெரியாஸ்பத்திரி ஆயிற்று. அதற்கும் முந்திய எங்கள் சொந்த வைத்திய நூலான பரராசசேகரத்தைத் தேடிப் பதிப்பித்தவர் ஏழாலை பொன்னையாபிள்ளை. மேகரோகத்தையும் பிளவையையும் பற்றி அதில் விரிவாகவே இருக்கிறது. ஆக நீண்ட நோயை எங்கள் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். ஆனால் ஊர் கூடி நின்றது குறுகிய நோய்க்குத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாருக்கும் உதவினார்கள் என்று என் வயதுக்காரர் கதைப்பது உண்மையில் பாதிதான். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு அக்காவுக்குக் கசம். அந்தப் படலையைப் பின்னேரத்தில் யாரும் திறக்கவில்லை. அவருக்கு வேறு கோப்பை, வேறு பாய், வேறு மூலை. தங்கைக்குப் பேசிவந்த கலியாணம் குழம்பியது. இருமல் சத்தம் கேட்டால் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்படி பெரியவர்களே பழக்கியிருந்தார்கள். தொய்வு வந்து மாரி முழுவதும் சுவரில் சாய்ந்திருந்து மூச்சு விட்ட கிழவர்கள் இருந்தார்கள். வலிப்பு வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி வைத்த வீடுகள் இருந்தன. 21 நாளில் முடியாத எதற்கும் ஊரிடம் ஒரு முறை இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் குறுகிய நோய்கள் போன கதையைச் சொல்ல வேண்டும். சந்தோஷமான கதை, அதைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு மனம் வராது. 1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு இருபது பேர் அளவில் ஆண்டுதோறும் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அது பதினாலு அளவுக்கு இறங்கியது. டிடிடி தெளித்து மலேரியாவை அமுக்கியதற்கு அதில் பெரிய பங்குண்டு. 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். முடிந்தது என்று கையை எடுத்தார்கள். நாலைந்து வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. யுத்த காலத்தில் வடக்கில் அது ஆடிய ஆட்டம் என் வயதுக்காரருக்குத் தெரியும். குளோரோகுயின் கசப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. கடைசியில் 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலை வந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிப்படுத்தியது. போலியோ 1993க்குப் பிறகு இல்லை. அந்தச் சொட்டு மருந்தைக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக யுத்தத்தின் நடுவிலேயே துவக்குகளை ஒதுக்கி வைத்த நாட்கள் இருந்தன. நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். வேறு எதற்கும் இரண்டு பக்கமும் அப்படி உடன்பட்டு நான் காணவில்லை.

1946இல் பிறந்த பிள்ளைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் நாற்பத்து மூன்று வயதளவில். இன்றைக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அந்த மிச்ச முப்பது வருடத்தில்தான் சீனியும் பிறசரும் இருதயமும் சிறுநீரகமும் புற்றும் வந்து குடியிருக்கின்றன. நாட்டின் சாவுகளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இப்போது தொற்றாத நோய்களால். காய்ச்சலில் இருந்து தப்பிய எங்கள் அண்ணை எழுபது வயதில் இருதயத்தோடு போராடினார். தப்பியதால்தான் போராட முடிந்தது.

நீண்ட நோய் என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் விளக்காமல் விளங்கவைத்தது ஒரு பழைய செய்தி. 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோவில் லெனர்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பெடியனுக்கு முதல்முறையாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முதல், பிள்ளைகளுக்கு வரும் சீனி வருத்தம் ஒரு குறுகிய நோய். சில மாதம், கூடினால் ஒன்றிரண்டு வருடம். மெலிந்து, மயங்கி, முடிந்துவிடும். அந்த ஊசி அதை நீண்ட நோயாக மாற்றியது. குணப்படுத்தவில்லை, நீட்டிக் கொடுத்தது. அந்தப் பெடியன் அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். இதே மாதிரி எய்ட்ஸ் எங்கள் கண் முன்னாலேயே ஒரு சாவோலையாக இருந்து, தினமும் குளிசை போட்டுக்கொண்டு முதுமை வரை போகிற வருத்தமாக மாறிவிட்டது. மறுபக்கம், அந்த அக்காவைத் தின்ற கசம் இன்றைக்கு ஆறு மாதக் குளிசையில் முடிகிறது. ஆக, இது குறுகிய நோய், இது நீண்ட நோய் என்று கடவுள் எழுதிவைத்த கோடு எதுவும் இல்லை. மருந்தும் மனிதரும் சேர்ந்து அந்தக் கோட்டை இழுக்கிறார்கள், அழிக்கிறார்கள்.

இடையில் நிற்கிறவையும் உண்டு. கொப்பளிப்பான் வந்து போன உடம்பில் அந்தக் கிருமி நரம்புக்குள் ஒளிந்திருந்து ஐம்பது வருடம் கழித்து அக்கியாக எழும்பும். தொண்டை நோவென்று நாலு நாள் கிடந்த பிள்ளைக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெட்டுப்போகும். அதைத் தடுக்க மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட வேண்டும், வருடக்கணக்கில். நான் படிப்பித்த ஒரு பெட்டை அந்த ஊசிக்குப் போகிற நாளில் மட்டும் பள்ளிக்கூடம் வரமாட்டாள். நோவே இல்லாத நாளில் நோகிற ஊசிக்குப் போக ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையைச் சம்மதிக்க வைப்பதற்கு அந்தத் தாய் பட்டபாட்டை நான் மறக்கமாட்டேன். நெருப்புக் காய்ச்சலுக்கு மருந்து குடிக்க யாரையும் கெஞ்சத் தேவையில்லை. உடம்பே கேட்கும்.

யுத்தம் இந்த இரண்டு நோய்க்காரரையும் வேறு வேறு விதமாக நடத்தியது. 1990 ஆனியில் திரும்பவும் சண்டை மூண்ட பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. என் பெரியம்மா, அண்ணையின் காய்ச்சலுக்குக் குசினியைப் பொறுப்பெடுத்த அதே பெரியம்மா, அப்போது இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகிவிட்டது. ஒரு மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்ன முட்டி ஒன்றை வைத்து, அதற்குள் மருந்துக் குப்பியை ஈரச்சீலை சுற்றி வைப்போம். நிழல் எங்கே நகர்கிறதோ பானையும் அங்கே நகரும். மணல் காயாமல் பார்ப்பது பிள்ளைகளின் முறை. மருந்து வருவதே கட்டுப்பாட்டோடுதான். வந்தது ஆஸ்பத்திரியில் காயக்காரருக்கு முதலில் போகும். அதைக் குறைசொல்ல முடியாது. வயிறு கிழிந்து வந்தவன் காத்திருக்க மாட்டான்; சீனிக்காரி இன்னும் ஒரு கிழமை தாங்குவாள். பிறகு இன்னும் ஒரு கிழமை.

1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது பெரியம்மா மருந்துக் குப்பியை ஈரச்சீலையில் சுற்றி ஒரு பிளாஸ்கில் வைத்து மடியில் கட்டியிருந்தார். மழை. ஓரடி எடுத்து வைக்க எவ்வளவோ நேரம். சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இன்சுலின் போட முடியாது. போடாமலும் இருக்க முடியாது. கொடிகாமப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். காலில் புண், பிறகு காய்ச்சல், பிறகு மயக்கம். யுத்தத்தில் செத்தவர்களின் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். குடாநாட்டில் அப்படிப் போன சீனிக்காரரும் தொய்வுக்காரரும் சிறுநீரகக்காரரும் எத்தனை பேரென்று யாரும் எண்ணி வைக்கவில்லை. செல் பட்டு விழுந்தவர்களை எண்ணவே ஆளில்லாத காலம் அது.

இனி இன்றைய கதை. இவருக்கு, என் மனுசனுக்கு, சீனி என்று கண்டுபிடித்து நெடுங்காலம் ஆயிற்று. கண்டுபிடித்த முதல் மாதம் படலை திறந்தபடி இருந்தது, பழைய காலம் போலவே. தோடம்பழம் வந்தது, ஹோர்லிக்ஸ் வந்தது, நெஸ்டமோல்ட் வந்தது, கிரீம் பிஸ்கட் வந்தது. இவர் சாப்பிடக்கூடாத எல்லாம் வந்தது. அவ்வளவும் அன்பு. இரண்டாம் மாதம் ஆட்கள் குறைந்தார்கள். மூன்றாம் மாதம் கோயிலடியில் காண்கிறவர்கள், “எப்பிடி, ஐயாவுக்குச் சுகமோ?” என்று கேட்டார்கள். சுகமென்றும் சொல்ல முடியாது, சுகமில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்கிறவருக்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது. எத்தனையாம் நாள் என்று எண்ண இதில் நாளில்லை. பிறகு கேட்பதும் நின்றுபோனது. அவர்கள் கல்நெஞ்சக்காரர் அல்லர். 2023 மார்கழியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியனுக்கு டெங்கு வந்தபோது அதே ஆட்கள் ராப்பகலாக நின்றதை நான் பார்த்தேன். அந்த மாரியில் குடாநாடெங்கும் டெங்கு. காலையும் மாலையும் பிளேற்லெற் எண்ணிக்கை கைபேசியில் ஒழுங்கை முழுக்கச் சுற்றியது. காய்ச்சல் இறங்கிவிட்டதென்று தாய் பெருமூச்சு விட்ட நேரத்தில், இனித்தான் கவனம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: டெங்கில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாய்களால் நீர் கசிந்து ஆள் சரியும். அந்த இரண்டு நாளும் யாரும் தூங்கவில்லை. சோறு மாறி மாறி வந்தது. ஓட்டோ வாசலிலேயே நின்றது. ஆக, எங்கள் சனத்தின் அன்பு எங்கும் போய்விடவில்லை. அதற்குக் குறுகிய பாதை மட்டும்தான் தெரியும்.

இந்தப் பழக்கம் நோயாளிக்குள்ளும் இருக்கிறது, அதுதான் ஆபத்து. காய்ச்சல் விட்டால் மருந்தை விடுகிற சனம் நாங்கள். பக்கத்து வீட்டு அண்ணை பிறசர்க் குளிசையை அப்படித்தான் விட்டார். கிளினிக்கில் அளந்தபோது சரியாக இருந்ததாம். குளிசை போட்டதால்தான் சரியாக இருந்தது என்று மனுசி சொல்ல, “மாறின வருத்தத்துக்கு ஏன் மருந்து?” என்று கேட்டாராம். பிறகு ஒரு விடியப்புறம் தோட்டத்தில் வாழைக்கு நடுவில் விழுந்து கிடந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் இன்னும் இழுக்கிறது. கிளினிக்குக்கு இரண்டு நாளுக்கு முதல் மட்டும் சோற்றைக் குறைத்து, குரக்கன் பிட்டும் பாகற்காயும் என்று பத்தியம் காக்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அன்றைக்கு எடுக்கிற இரத்தத்தில் சீனி குறைந்துதான் காட்டும். ஆனால் இப்போது மூன்று மாதச் சீனி என்று ஒரு சோதனை இருக்கிறது. சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாளெல்லாம் இரத்தத்தில் ஓடிய சீனி அதில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் கோயில் அன்னதானத்தில் சாப்பிட்ட மோதகமும் பாயசமும் தெரிந்துவிடும். டாக்குத்தரை ஏமாற்றுவதற்கு என்று யாரும் இதைச் செய்வதில்லை. பத்தியம் என்றால் அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கும் என்றுதான் எங்கள் உடம்புக்கே பழக்கம்.

கிளினிக் நாள் என்பது தனி வாழ்க்கை. கொப்பிக்குக் கடதாசி உறை, அதற்கு மேல் பொலித்தீன் பை. ஓரம் தேய்ந்த பழைய கொப்பிகளை நூலால் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வருத்தத்தின் வயது அந்தக் கட்டின் தடிப்பில் தெரியும். விடிய முதல் பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். வாங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். பக்கத்தில் துணைக்கு வந்தவரும் அறுபது தாண்டியவர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும். காசு வரும், குளுக்கோமீற்றர் வரும். எங்கள் மகள் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் இவரின் காலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பாள். அவளால் செய்யக்கூடிய எல்லாம் செய்கிறாள். ஆனால் கிளினிக் வாங்கில் கொப்பியைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டுமே, அதை அங்கிருந்து அனுப்ப முடியாது.

காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனி நெடுநாள் ஏறியிருந்தால் நரம்பு செத்து, பாதத்தில் உணர்ச்சி போய்விடும். நோகாத புண்தான் காலை எடுக்க வைக்கிற புண். இரவில் இவரைக் கதிரையில் இருத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, விரல்களுக்கு இடையே ஈரமில்லாமல் துடைத்து, ரோச் லைற் பிடித்துப் பார்ப்பேன். குதிக்காலுக்குக் கீழே ஒரு கைக்கண்ணாடியை வைத்தால் நன்றாகத் தெரியும். ஒரு நாள் செருப்பின் அடியால் ஏறிய ஆணி பாதத்தில் குத்தி, காலுறையில் இரத்தம் காய்ந்திருந்தது. பகல் முழுக்க அதோடு நடந்திருக்கிறார், தெரியாது. “நோகேல்லையே அப்பா,” என்றார். நோகாததுதானே வருத்தம். அன்றிரவே கழுவி மருந்து போட்டு, விடியக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆறியது. சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகளில் இரவு விளக்கை அணைக்க முதல் செய்யவேண்டியது இது. ஐந்து நிமிடமும் எடுக்காது. பெரியம்மாவின் காலை ஒருவரும் இப்படிப் பார்க்கவில்லை. பார்க்க அந்தக் கொட்டிலில் வெளிச்சமும் இல்லை.

2022இல் நாடு காசில்லாமல் படுத்தபோது திரும்பவும் அதே விஷயம். மருந்துக் கடைகளில் தட்டு வெறுமை, எண்ணெய் வரிசையில் ஓட்டோக்கள். தடிமன் வந்தவனுக்குக் கொத்தமல்லி இருந்தது. இருதயக்காரருக்கும் வலிப்புக்காரருக்கும் மாற்று எதுவும் இல்லை. குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். நீண்ட நோய்க்காரருக்கு நாட்டின் ஒவ்வொரு நெருக்கடியும் உடம்புக்குள் வந்து விழுகிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் தெற்கிலிருந்து வடக்குக்கு நடந்தே வந்து பணம் சேர்த்தார்கள். அதைக் கொண்டு 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. அதற்கு முதல் இந்த நோய்க்கு மகரகமவுக்குப் போய்க் கிடந்தவர்களின் கண்ணீர் எனக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில், அறை வாடகைக்கு எடுத்து, தோட்டத்தை விற்று. இப்போது காலையில் போய் மருந்தேற்றிவிட்டுப் பின்னேரம் வீட்டில் படுக்கலாம். அதே தெல்லிப்பழையில்தான் மனநோய்க்கும் சிகிச்சை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தத்துக்குள்ளேயே அந்த வேலையைச் செய்தார்கள். குண்டுச் சத்தம் நின்ற பிறகும் நிற்காத வருத்தங்கள் அவை. கட்டடங்கள் இருக்கின்றன, டாக்குத்தர்மார் இருக்கிறார்கள், மருந்தும் இலவசம். வாசலுக்கு வெளியே இருக்கிற பகுதிதான் வெறுமையாகக் கிடக்கிறது: கூட்டிக்கொண்டு போக ஆள், இருந்து கதைக்க ஆள், பார்க்கிறவரைப் பார்க்க ஆள்.

பார்க்கிறவர் என்றேன். பாரிசவாதம் வந்த அண்ணையின் மனுசி, எங்களுக்கு அக்கா முறை. அண்ணையைப் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண், ஊட்ட வேண்டும், பிரைக்கேறாமல், கழுவ வேண்டும். அக்காவுக்கும் பிறசர். தன் கிளினிக்கை விட்டுவிட்டார், அவரை விட்டுவிட்டுப் போக முடியாதென்று. நல்லூர் கொடியேறினால் 25 நாளும் போகிற மனுசி, அந்த வருத்தத்துக்குப் பிறகு ஒரு திருவிழாவும் காணவில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும், நான் இருக்கிறேன், நீங்கள் போட்டு வாங்கோ என்று சொல்லவுமில்லை. போன ஆவணியில் நானும் இன்னொரு ரீச்சரும் போய் அந்த வீட்டில் இருந்தோம். அக்கா தேருக்குப் போனார். திரும்பி வந்து, வெய்யில் கடுமை என்றார், சனம் கூட என்றார், கச்சான் வாங்கினேன் என்று ஒரு சரையை நீட்டினார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை தன் கிளினிக்குக்கும் போனார்.

அதற்குப் பிறகுதான் வாசிகசாலைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். டெங்குக்கு ஓட்டோ பிடித்த அதே பெடியளிடம்தான். நீண்ட வருத்தத்துக்கு ஒரேயடியாக ஒரு கிழமை ராப்பகலாக நின்றால் பிரயோசனமில்லை. மாதத்தில் ஒரு விடியப்புறம் போதும், ஆனால் ஒவ்வொரு மாதமும் வேண்டும். வருத்தம் பார்க்க வரும்போது ஹோர்லிக்ஸ் வேண்டாம்; ஒரு பின்னேரம் கொண்டுவாருங்கள், பார்க்கிறவர் ஒரு குட்டித்தூக்கம் போடட்டும். எதிர்ப்பொன்றும் வரவில்லை. எப்படிச் செய்வதென்றுதான் யோசித்தார்கள். இளைப்பாறிய கிராமசேவையாளர் ஒருவர், கமத்துக்குத் தண்ணி முறை எழுதினது மாதிரி எழுதலாமே என்றார்.

எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எந்த வீட்டாருக்கு எந்தக் கிழமை கிளினிக், யார் ஓட்டோ, யார் கூடப் போய் இருப்பது. எந்த வீட்டில் எந்தப் பின்னேரம் யார். செவ்வாயும் வெள்ளியும் உடனே நிரம்பின. ஞாயிறை ஏ.எல். படிக்கிற இரண்டு பெட்டையள் எடுத்திருக்கிறார்கள், கட்டிலடியில் இருந்தே படிக்கலாமாம். புதன் பின்னேரத்துக்கு இன்னும் ஆள் தேவை.